தால்ச்சா தீர்ந்த கல்யாணம்

1

இன்று காலை தபாலில் ஓர் அட்டை வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் இளஞ்சிவப்பு அட்டை. அதில் என் படம், ஒரு சின்னப் பேருந்தின் படம், பேருந்துக்கு நேரே ஒரு தேதி. அந்தத் தேதிக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது.

ஓர் ஓட்டுநர் உரிமத்துக்கா இந்த ஆட்டம் என்று ஊரில் இதைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். நான் சமையலறையில் நின்றபடியே அதை இரண்டு தடவை முத்தமிட்டேன். என் மனைவி ஹாஜிரா எட்டிப் பார்த்து, "இன்னாங்க, ஹஜ்ஜுக்கு விசா வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

அட்டையில் என் பெயரைவிட அத்தாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு பிரான்சுக்கு வந்து இறங்கியபோது, படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்து என் பேனா நின்றுவிட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து எழுதினேன். அன்றிலிருந்து சாதிக் என்ற நான் வீட்டுக்குள் மட்டும்தான். பேருந்துப் பணிமனையில் எல்லோருக்கும் 'முசியே அப்துல் காதர்'. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த மனிதர், தான் ஒருநாளும் பார்க்காத மார்செய் நகரத்தில் இருபது வருடமாகப் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த இருபது வருடத்தில், இன்று காலை வரை, ஒருநாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை. காலை ஆறு மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கிய வீட்டில் பிறந்தவனுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

அந்தப் பெயரை இந்த வருடம் வண்டியிலிருந்து இறக்கிவிடப் பார்த்தார்கள். இறக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

இங்கே பேருந்து ஓட்டுபவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். இதற்கு முன்பெல்லாம் கண்ணைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள், முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை மருத்துவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளை மூக்குவரை கொண்டுபோனார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி இரண்டு.

"உங்களுக்கு ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாகத் தருகிறேன். இது ஏழுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் என்னால் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

இந்த நாட்டில் வேலை போகப்போகிறது என்பதைக்கூட மரியாதைப் பன்மையில்தான் சொல்வார்கள். வெளியே வந்து நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றேன். ஐம்பத்தோரு வயது. ஸ்டியரிங்கைத் தவிர இந்தக் கைக்கு வேறொன்றும் தெரியாது. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மாத்திரை எழுதிக் கொடுத்து, உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். அதற்கு இணையத்தில் பதிய வேண்டும். இணையதளம் என் பெயரையும் அத்தா பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டு, இருவரும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சான்று கேட்டது. அத்தாவும் நானும் ஒரே ஆள் இல்லை என்று நான் எழுத, அப்படியானால் எந்த ஆளுக்குச் சர்க்கரை என்று அவர்கள் கேட்க, இதிலேயே மூன்று வாரம் போனது.

கடைசியில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் முன்னால் உட்கார்ந்தேன். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்றார். சோறு அல்லது இட்லி. இட்லி எதில் செய்வது? அரிசியில். மதியம்? சோறு. இரவு? சோறு, சில நாள் புரோட்டா. காய்கறி? குழம்பில் இருக்கும். மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டதற்கு, 'எனக்கு மீன் பிடிக்கும்' என்று சொல்லப்போய், பதற்றத்தில் 'நான் ஒரு மீன்' என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

"உங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் என்ன தெரியும்?"

"கடல்."

"அந்த மத்தியதரைக் கடலின் பெயரைத்தான் இந்தச் சாப்பாட்டு முறைக்கு வைத்திருக்கிறார்கள். உங்களை நான் எங்கேயும் போகச் சொல்லவில்லை."

ஒரு தாள் கொடுத்தார். அதில் ஒரு கோபுரம் வரைந்திருந்தது. அடியில் காய், கீரை, பழம், பயறு, முழு தானியம், ஆலிவ் எண்ணெய், கொட்டைகள். நடுவில் மீன், கொஞ்சம் தயிர், முட்டை. உச்சியில் சின்னதாக ஆட்டிறைச்சியும் இனிப்பும். ஓரத்தில் ஒயின் என்று ஒரு வரி. நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்த வரியைத் தன் பேனாவால் அடித்துவிட்டுக் கொடுத்தார். அந்த ஒரு கோட்டுக்காகவே அந்த அம்மையாரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

3

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும்.

அத்தாவின் கடையில் பத்து வயதிலிருந்து சிட்டை பார்த்துச் சாமான் கட்டியவன் நான். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த சிட்டையில் ஒரு சாமான் விட்டுப்போனாலும் அத்தாவுக்குப் பொறுக்காது. "சிட்டையில எழுதனது அத்தினியும் பையில இருக்கணும். ஒன்னு கம்மியானாலும் கட பேரு கெட்டுடும்" என்பார். அந்தப் பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. யார் தாளில் எழுதிக் கொடுத்தாலும் அது எனக்குச் சிட்டைதான்.

அன்றே கடைக்குப் போய், அம்மையாரின் தாளில் இருந்த அத்தனையையும் வாங்கினேன். ஆலிவ் எண்ணெய், பாதாம், அக்ரூட், மத்தி மீன், கொண்டைக்கடலை, தக்காளி, முழுக்கோதுமை ரொட்டி. ஒன்றும் விடவில்லை. மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் சாப்பிட்டேன். எப்படி? சோறு சாப்பிட்ட பிறகு.

நம்மவர்களுக்கு டாக்டர் கொடுத்தது எதுவானாலும் 'சாப்பாட்டுக்கு அப்புறம்'தானே. வழக்கம்போல இரண்டு தட்டு சோறு, குழம்பு, பொரியல். அதன்பிறகு மருந்தாக ஒரு கிண்ணம் காய்கறி, ஒரு துண்டு மீன், ரொட்டி, ஒரு கை பாதாம். படுக்கும் முன் டானிக் மாதிரி இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெய், மூக்கைப் பிடித்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு மேல் அதே எண்ணெயை ஊற்றி, இன்று இருதயத்துக்கு நல்லது செய்தேன் என்று ஹாஜிராவிடம் பெருமை பேசினேன்.

எங்கள் மகள் நஸ்ரினுக்கு இருபது வயது. கல்லூரியில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். குழம்பு வாசனை சட்டையில் ஒட்டுகிறது என்று தன் அறைக் கதவை மூடிக்கொண்டு, தயிர்க் கிண்ணத்தோடு தனியாகச் சாப்பிடுவாள். அவளும் நாங்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் நான் எண்ணெய் குடிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அத்தா, என்ன செய்றீங்க?"

"டயட்டு."

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். ஒன்பது புள்ளி நான்கு. எடை மூன்று கிலோ கூடியிருந்தது. சிவப்புக் கண்ணாடி அம்மையார் ஒருநாள் முழுக்க நான் சாப்பிடுவதை வரிசையாகச் சொல்லச் சொன்னார். பாதி சொல்வதற்குள் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, இருபத்தைந்து வருடத்தில் எந்த அலுவலகத்திலும் நான் பார்க்காத ஒன்று நடந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் போட்டு நடுவில் கோடு கிழித்தார். பாதித் தட்டு காய். மீதியில் ஒரு பங்கு பயறோ மீனோ. மிச்சம் இருக்கும் மூலையில் தானியம். "இது உள்ளே வந்தால் அது வெளியே போக வேண்டும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கொடுத்தது சிட்டை இல்லை, தராசு. ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்க வேண்டும். தராசுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு இதைச் சொல்ல ஒரு பிரெஞ்சுக்காரி வேண்டியிருந்தது. வெட்கக்கேடு.

அன்று ஆரம்பித்தது என் அசல் டயட். வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் கடற்கரையில். அங்கே எனக்குப் பதினெட்டு நிமிட இடைவேளை. டப்பாவைத் திறந்தால் அவித்த கொண்டைக்கடலை, தக்காளி, வெள்ளரி, வெங்காயம், எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், மேலே சுட்ட மத்தி. முதல் வாரம் வயிறு நிறைந்தது, மனசு நிறையவில்லை. "சோறில்லாம துன்றதுக்கு இன்னா பேரு, சாப்பாடா?" என்று ஹாஜிரா முனகினாள். அவள் உளுந்தூர்பேட்டைப் பக்கம், நெல் விளையும் ஊர்க்காரி. ஆனாலும் மூன்றாவது வாரம் நான் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காததை முதலில் கவனித்தது அவள்தான். பிறகு அவளும் டப்பா கட்டிக்கொண்டாள்.

4

ஆறு வாரம் ஒழுங்காகப் போனது. அப்போது ஊரிலிருந்து அழைப்பு வந்தது. மும்தாஜ் அக்காவின் மகன் இர்ஃபானுக்கு நிக்காஹ்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அம்மாவும் அத்தாவும் போன பிறகு கள்ளக்குறிச்சியில் எனக்கு வீடு என்றால் அவள் வீடுதான். அத்தாவின் கடையை இப்போது நடத்துவது அவள் கணவர், என் மச்சான். சின்ன வயதிலிருந்தே எதிலும் அக்காவை நான் ஜெயித்ததில்லை. குர்ஆன் ஓதி முடித்ததில் அவள் முதல், சைக்கிள் பழகியதில் அவள் முதல், நோன்பு முப்பதும் பிடித்ததில் அவள் முதல்.

போகாமல் இருக்க முடியாது. போனால் மூன்று வாரம் கல்யாண வீட்டுச் சாப்பாடு. திரும்பி வந்தால் ஐந்து வாரத்தில் கடைசிப் பரிசோதனை. அம்மையார் சொன்னார்: "அங்கே கிடைப்பதை வைத்துச் செய்யுங்கள். அளவு மட்டும் மாற வேண்டாம்." நான் தைரியத்துக்கு நான்கு பாட்டில் ஆலிவ் எண்ணெயைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் மூவரும் போய் இறங்கிய அன்று மதியம் மட்டன் பிரியாணி. அக்கா தன் கையால் பரிமாறினாள். நான் மூன்று கரண்டியோடு கையை மறித்து, வெங்காயப் பச்சடியைத் தட்டு நிறைய அள்ளி வைத்துக்கொண்டேன்.

"இன்னாடா இது? கோழிக்கு எறச்ச மாதிரி?"

"போதும்க்கா. சக்கர இருக்குது. டாக்டரு அளவா துன்னச் சொல்லியிருக்காரு."

"சக்கர யாருக்குத்தான் இல்ல? இந்தத் தெருவுல சக்கர இல்லாத வூடு ஒன்னு காட்டு பாப்பம். எல்லாம் மாத்தரைய போட்டுக்கினு துன்னுக்கினுதான் இருக்குது."

"கொறையலன்னா வேல போயிடும்க்கா."

"பிரான்சுல பஸ்சு ஓட்றவனுக்கு அக்கா வூட்டு சோறு எறங்கல. அத்த சொல்லு மொதல்ல."

கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மாலை வரை பேசவில்லை. அக்காவை மாமி என்று கூப்பிடும் நஸ்ரின் என்னிடம் வந்து, "மாமி அழுறாங்க" என்றாள். இரண்டு தட்டு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அந்த இளஞ்சிவப்பு அட்டையை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கூடத்துக்கு வந்தால் மச்சானின் வழுக்கைத் தலை பளபளவென்று மின்னியது. அக்கா தலையிலும் எண்ணெய் வழிந்தது. என் நான்கு ஆலிவ் எண்ணெய் பாட்டிலில் ஒன்று காலி.

"ஜைத்தூன் எண்ணெடா. பரக்கத்தான எண்ணெ, குர்ஆன்லயே வருது. தலைக்கு தேச்சா குளிர்ச்சி. மீதிய இர்ஃபானுக்கு கொழந்த பொறந்தா ஒடம்புக்கு தேய்க்க எடுத்து வெச்சிட்டன்" என்றாள் அக்கா.

"அக்கா, அது சமையலுக்கு."

"இத்தப் போயி யாராச்சும் அடுப்புல ஊத்துவாங்களா?"

ஆலிவ் எண்ணெய் கதை அதோடு முடிந்தது. நானும் கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டேன். செக்குக் கடலையெண்ணெய் அளந்து இரண்டு கரண்டி. பாதாமுக்குப் பதில் ஒரு கை அவித்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மத்திக்குப் பதில் கோமுகி அணை மீன், தோசைக்கல்லில் சுட்டது. அவரை, காராமணி, முருங்கைக்கீரை, கொய்யா. சொந்தக்காரர் வீடுகளில்தான் சண்டை. எட்டு வீடுகளில் எட்டு பிரியாணி. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கரண்டியோடு கையை மறித்தேன். 'வெளிநாட்டுத் திமிரு' என்று காதுபடவே சொன்னார்கள்.

5

நிக்காஹுக்கு ஐந்து நாள் முன்பு, வெளியூரிலிருந்து வந்த சொந்தங்களோடு கல்வராயன் மலைக்கு வேன் பிடித்தோம். கரியாலூர் அருவிக்குப் போவதென்றால் அண்டாவோடு போவதுதான் வழக்கம். பின்சீட்டில் பிரியாணி அண்டா, அதைப் பிடித்தபடி இரண்டு பேர். வளைவுக்கு வளைவு, இல்லாத பிரேக்கை நான் காலால் அழுத்திக்கொண்டே வந்தேன். "உன்னோட பஸ்சு இல்லடா, சும்மா உக்காரு" என்று அக்கா அதட்டினாள். எட்டாவது வீட்டிலும் நான் கையை மறித்த பிறகு, மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அருவிக்குப் போகும் பாதையில் மலைக்காரப் பெண் ஒருத்தி சாமை அரிசியும் மொச்சையும் தேனும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். நஸ்ரின் இரண்டு கிலோ சாமை வாங்கினாள். அந்தப் பெண் சிரித்தாள்.

"டவுன்காரங்கல்லாம் இப்ப இத்தத்தான் கேக்கறாங்க. நாங்க வெளைய வெச்சி வித்துப்புட்டு ரேசன் அரிசி துன்றோம்."

நஸ்ரின் தன் உடைந்த தமிழில் கேட்டாள்: "உங்க ஊர்லயும் சர்க்கரை வருதா?"

"இப்பல்லாம் வருதும்மா. ஊசி போட கீழ எறங்கிப் போறாங்க."

அந்தக் காலத்து மலைச் சாப்பாட்டைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டேன்.

அருவிப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். அக்கா திடீரென்று பாறையில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்தாள். "தண்ணி குடுடா, என் பையில இருக்குது" என்றாள். பாட்டிலை எடுக்கக் கையை விட்டேன். பாட்டிலோடு ஒரு மாத்திரை அட்டை வந்தது. என் பையில் இருக்கும் அதே மாத்திரை. என்னுடையதைவிட இரண்டு மடங்கு வீரியம்.

நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"எத்தினி நாளாக்கா?"

"ரெண்டு வருசம்."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இர்ஃபானுக்கு பொண்ணு பாத்துக்கினு இருந்த நேரம்டா. மாமியாக்காரி சீக்காளின்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? சக்கர எல்லாருக்கும் இருக்குது. எனுக்கு ஜாஸ்தி. காலு மரத்துப்போவுது."

"எவ்ளோ?"

"பத்து புள்ளி நாலு." பாதத்தைத் தேய்த்தபடியே, "உனுக்கு?" என்றாள்.

"ஒம்பது புள்ளி நாலு."

"இதுலயும் நான்தான் மொதலு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாளும் நான் சோற்றை மறுத்தபோது அவளுக்கு வந்த கோபம் என்மேல் இல்லை. தான் செய்யப் பயந்ததைத் தம்பி தன் கண் முன்னால் செய்கிறான் என்ற கோபம்.

"நீயும் செய்யிக்கா. ஒன்னும் விட வேணாம். எது எவ்ளோன்னு மட்டும் மாத்தினா போதும்" என்றேன். தட்டில் கோடு கிழித்துக் காட்டினேன். தராசுக் கதையைச் சொன்னேன். ஆலிவ் எண்ணெயை மூக்கைப் பிடித்துக் குடித்த கதையையும் சொன்னேன். அக்கா பாறையில் இருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"செரி போடா. எனுக்கு கல்யாண வேல தலைக்கு மேல கெடக்குது" என்று எழுந்தாள். அன்று அண்டா பிரியாணியில் அவள் எடுத்தது மூன்று கரண்டி. நான் எண்ணினேன்.

6

எங்கள் வீடுகளில் விருந்துச் சாப்பாடு சஹனில். பெரிய வட்டத் தட்டு, அதைச் சுற்றி நான்கு பேர், நடுவில் குவித்த பிரியாணி, எல்லோருக்கும் ஒரே தட்டு. அதில் எனக்கு மட்டும் தனி என்று சொல்ல முடியாது. சொன்னால் மற்ற மூவருக்கும் அவமானம். பருப்பும் கத்திரிக்காயும் மாங்காயும் எலும்பும் போட்டுக் கொதிக்க வைத்த தால்ச்சா பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் இருக்கும். அது வெறும் தொட்டுக்கை. நிக்காஹுக்கு அப்புறம் மாப்பிள்ளை வீட்டில் வைக்கும் வலிமா விருந்தில் எப்படித் தப்புவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வலிமாவுக்கு இரண்டு நாள் முன்பு, விருந்து சமைக்கும் பண்டாரி வந்து கணக்குக் கேட்டார். அக்கா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"தால்ச்சா மூனு மடங்கு போடுங்க. காயி ஜாஸ்தி, கொழுப்பு கம்மி. பிரியாணிக்கு டால்டா வேணாம். மொச்ச ஒரு அண்டா அவிங்க. வெள்ளரிக்கா, வெங்காயம், தயிரு."

பண்டாரி மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். "இன்னாங்கம்மா, சஹனுல தால்ச்சாவ குவிச்சா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?" என்று பண்டாரி கேட்டார்.

"இன்னா சொல்றாங்கன்னு பாக்கத்தான் போடச் சொல்றன்."

வலிமா அன்று என் சஹனில் நான், மச்சான், பெண்ணின் பெரியப்பா, அவருடைய மருமகன். தட்டு வந்தது. பாதித் தட்டுக்கு வெள்ளரிப் பச்சடியும் மொச்சையும். ஒரு பக்கம் தால்ச்சா, காய் காயாக. மிச்ச இடத்தில் பிரியாணி. பெண்ணின் பெரியப்பா தட்டைப் பார்த்தார். பக்கத்துச் சஹன்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதேதான். என் மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை.

"பிரியாணி பத்தலீங்களா?" என்றார் பெரியவர் மெதுவாக. அந்தக் கேள்வியை விடப் பெரிய கேள்வி எங்கள் சமூகத்தில் இல்லை.

"பின்னால மூனு அண்டா மூடி வெச்சிருக்குதுங்க. கேட்டா வருமுங்க. மொதல்ல இத்த துன்னு பாருங்க" என்றேன் நான்.

பெரியவர் பிஸ்மில்லா சொல்லித் தால்ச்சாவில் கையை வைத்தார். கத்திரிக்காயை எடுத்தார். மொச்சையை எடுத்தார். பிரியாணியைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டார். ஆம், பிரியாணியைத் தொட்டுக்கொண்டார். பிறகு தன் மருமகன் பக்கத்திலிருந்த மாங்காய்த் துண்டையும் எடுத்துக்கொண்டு, பரிமாறுபவரைக் கை காட்டி அழைத்தார். "தால்ச்சா கொண்டாப்பா."

அதன்பிறகு எல்லாச் சஹனிலிருந்தும் அதே குரல். கடைசிப் பந்தியில் பண்டாரியே வெளியே வந்து நின்றார். வியர்வையைத் துடைத்தபடி, "தால்ச்சா தீந்துபோச்சுங்க" என்றார். "முப்பது வருசமா ஆக்கிக்கினு இருக்கன். பிரியாணி தீந்து பாத்திருக்கன். தால்ச்சா தீந்து இப்பத்தான் பாக்கறன்."

பெண்கள் பக்கத்தில் அக்காவின் சஹனில் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். தனியாகத் தயிர்க் கிண்ணத்தோடு சாப்பிடும் பெண், மூன்று பேரோடு ஒரே தட்டில் கையை விட்டு, "மாமி, முதல்ல காய்" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். போதும் போதும் என்று மனசு நிறைந்தது.

விருந்து முடிந்ததும் அக்கா கூடத்துக்கு வந்தாள். மச்சான் முன்னால் நின்று, பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"இது இன்னா மாத்தரை?" என்றார் மச்சான்.

"சக்கரைக்குங்க. ரெண்டு வருசமா."

மச்சான் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி, "எனுக்கு சொல்லியிருக்கலாமே மும்தாஜ்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை இரண்டு பேரும் கடை திறப்பதற்கு முன்பு நடக்கப் போனார்கள்.

7

மார்செய்க்குத் திரும்பினேன். சாமை தீரும்வரை சாமை, தீர்ந்த பிறகு இங்கே கிடைக்கும் கோதுமை ரவை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டு, தொட்டுக்கையாக. அக்காவிடம் கேட்டுத் தால்ச்சா செய்முறையைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வந்திருக்கிறாள் நஸ்ரின். அவள் அறைக் கதவு இப்போது சாப்பாட்டு நேரத்தில் திறக்கிறது. எங்கள் வீட்டிலும் ஒரு சஹன் வந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம்.

ஐந்து வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். ஆறு புள்ளி ஒன்பது. மருத்துவர் தாளை மறுபடி மூக்குவரை கொண்டுபோனார். சிவப்புக் கண்ணாடி அம்மையாரின் கடிதத்தையும் படித்தார். "என்ன செய்தீர்கள்?" என்றார். இருபத்தைந்து வருடப் பிரெஞ்சை ஒன்றுதிரட்டிச் சொன்னேன்: "எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தால்ச்சா தீர்ந்துவிட்டது, டாக்டர்." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டார். அன்றே அக்காவுக்கு என் எண்ணைச் சொன்னேன். "மாஷா அல்லாஹ்" என்றாள். தன்னுடையது பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை, பயந்துகொண்டு.

அந்தக் கையெழுத்துத் தாளை வைத்து இரண்டு மாதம் ஓட்டிய பிறகு, இன்று அட்டை வந்தது. மதியம் கடைசி நிறுத்தத்தில், பதினெட்டு நிமிட இடைவேளையில், டப்பாவைக் காலி செய்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். முன்னால் கடல். சட்டைப் பையில் அட்டை.

"அஞ்சு வருசம் குடுத்துட்டாங்கக்கா."

"அல்ஹம்துலில்லாஹ். உனுக்கு எவ்ளோன்னு சொன்ன அன்னிக்கு? ஆறு ஒம்பதா?"

"ஆமாங்க்கா."

"நேத்து நானும் ரத்தம் எடுத்தன்டா. காலைலதான் பேப்பரு வந்துச்சி." பேப்பர் பிரிக்கும் சத்தம் கேட்டது. "ஆறு புள்ளி ஏழு."

எனக்குக் கண் மறைத்தது. மறுமுனையில் அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். கடைப் பக்கம் திரும்பி, தெருவே கேட்கும்படி அவள் கத்தியது இங்கே கடற்கரை வரை கேட்டது: "ஏங்க! என் தம்பிய இதுலயும் ஜெயிச்சிட்டனுங்க!"

நான் வண்டியைக் கிளப்பியபோது நேரம் இரண்டு நிமிடம் கடந்திருந்தது. முசியே அப்துல் காதர் இருபது வருடத்தில் வண்டியைத் தாமதமாக எடுத்தது இதுதான் முதல் தடவை.